ஏட்டில் நிற்பதும் நெஞ்சில் நிற்பதும்



பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் ஓர் இலக்கிய மேடையில் அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டத்திற்கு என்ன இடம் என்று சிலர் வியக்கக்கூடும். புகழ் எதனால் வருகிறது, வந்த புகழ் எதனால் நிலைக்கிறது, நிலைத்த புகழின்மேல் ஐயம் படிந்தால் அதை எவ்வாறு கொள்வது என்னும் கேள்விகள் கவிஞர்களுக்குப் புதியவை அல்ல. அக்கேள்விகளை எண்களின் வடிவிலேயே எழுப்பியது அந்த ஆட்டம். ஊக்க மருந்தின் நிழலில் நிகழ்த்தப்பட்ட சாதனைகள் மதிப்புக்கு உரியனவா என்பதே இவ்வுரையின் பொருள்.

பந்தெறிபவர் வீசும் பந்தை மட்டையாளர் எல்லைச் சுவருக்கு அப்பால் அடித்து அனுப்பினால் அது ஹோம் ரன். கிரிக்கெட்டின் சிக்சரைப் போன்றது, அதைவிட அரியது. ஒரு பருவத்தில் நாற்பது அடித்தவர் பெருவீரர் என்று போற்றப்படுவார். 1927ஆம் ஆண்டில் பேப் ரூத் அறுபது அடித்தார். அந்த எண் முப்பத்து நான்கு ஆண்டுகள் அசையாமல் நின்றது. 1961இல் ரோஜர் மாரிஸ் அறுபத்தொன்று அடித்து அதைக் கடந்தார்.

கடந்தவருக்கு மகிழ்ச்சி கிட்டவில்லை. ரூத்தின் காலத்தில் ஒரு பருவத்திற்கு 154 ஆட்டங்கள். மாரிஸ் ஆடிய ஆண்டில் 162. ஆகவே 154 ஆட்டங்களுக்குள் முறியடித்தாலன்றி அதைத் தனிச் சாதனையாகவே குறிக்க வேண்டும் என்று அன்றைய ஆணையர் ஃபோர்ட் ஃப்ரிக் அறிவித்தார். இந்த ஃப்ரிக், முன்னாளில் ரூத்தின் பெயரில் கட்டுரைகள் எழுதிக்கொடுத்தவர் என்பதும் நினைவிற்குரியது. மாரிஸின் எண்ணருகே நட்சத்திரக் குறி இடப்பட்டதாக மக்கள் இன்றும் நம்புகின்றனர். உண்மையில் அப்படி ஒரு குறி அச்சாகவே இல்லை. இரு சாதனைகளும் தனித்தனியே பதியப்பட்டன, அவ்வளவே. 1991இல் அந்தப் பிரிவினை நீக்கப்பட்டது. மாரிஸ் 1985இலேயே மறைந்துவிட்டார். எவ்வகை வஞ்சகமும் செய்யாத ஒருவர், எட்டு ஆட்டங்கள் கூடுதலாகக் கிடைத்தமைக்காக, வாழ்நாள் முழுவதும் இல்லாத ஒரு குறியைச் சுமந்தார்.

பின்னர் வந்தது 1998. அதன் பின்னணியை அறியாமல் அவ்வாண்டின் ஆரவாரத்தை விளங்கிக்கொள்ள இயலாது. 1994 ஆகஸ்டில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவ்வாண்டின் உலகத் தொடர் நடைபெறவேயில்லை. சினமுற்ற மக்கள் அரங்குகளைப் புறக்கணித்தனர். அவர்களை மீட்டுக் கொணர்ந்தவர்கள் செயின்ட் லூயிஸ் அணியின் மார்க் மக்வயரும் சிகாகோ கப்ஸ் அணியின் சாமி சோசாவும். செப்டம்பர் 8ஆம் நாள் மக்வயர் தம் அறுபத்திரண்டாவது ஹோம் ரன்னை அடித்தார். பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்த மாரிஸின் புதல்வர்களிடம் சென்று அவர்களைத் தழுவிக்கொண்டார். பருவ முடிவில் அவருடைய எண்ணிக்கை எழுபது, சோசாவினுடையது அறுபத்தாறு.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் ஒரு செய்தியாளர் மக்வயரின் பெட்டகத்தில் ஆண்ட்ரோஸ்டெனிடயோன் என்னும் மருந்துக் குப்பியைக் கண்டு எழுதியிருந்தார். ஒலிம்பிக் அமைப்பு அதைத் தடை செய்திருந்தது. பேஸ்பால் தடை செய்யவில்லை. கடைகளிலேயே அது விற்கப்பட்டது. பலருடைய சினம் குப்பியை வைத்திருந்தவர்மேல் பாயவில்லை. கண்டு சொன்னவர்மேல் பாய்ந்தது. கொண்டாட்டத்தின் நடுவே உண்மை சொல்பவன் விருந்தைக் கெடுப்பவனாகவே தோன்றுகிறான்.

2001இல் பாரி பாண்ட்ஸ் எழுபத்துமூன்று அடித்தார். 1998க்கு முன்வரை ஒரு பருவத்தில் அறுபதைத் தொட்டவர்கள் வரலாற்றிலேயே இருவர் மட்டும். 1998 முதல் 2001 வரையிலான நான்கு ஆண்டுகளில் அது ஆறு முறை நிகழ்ந்தது. அதன்பின் 2022 வரை ஒருமுறையும் நிகழவில்லை. எண்கள் சாட்சி சொல்வதில்லை; ஆனால் எங்கே விசாரிக்க வேண்டும் என்பதைச் சுட்டுகின்றன.

உண்மை மெல்ல வெளிப்பட்டது. 2003இல் ஆட்டக்காரர்களிடம் பெயர் குறிக்காமல் நடத்தப்பட்ட சோதனையில் நூற்றுக்கு ஐவருக்கும் மேற்பட்டோர் மருந்து உட்கொண்டது தெரிந்தது; அதன் விளைவாகவே 2004 முதல் தண்டனையுடன் கூடிய சோதனை வந்தது. 2005இல் நாடாளுமன்றக் குழுவின் முன் மக்வயர் பழையன பற்றிப் பேச மறுத்தார். 2010 ஜனவரியில், 1998 உட்படப் பல ஆண்டுகள் ஸ்டீராய்டு உட்கொண்டதை ஒப்புக்கொண்டார். அன்றே மாரிஸின் மனைவியையும் தொலைபேசியில் அழைத்து அதைச் சொன்னார்.

பாண்ட்ஸின் கதை வேறு. தமக்குக் கொடுக்கப்பட்டவை ஸ்டீராய்டு என்று தெரியாது என்பதே அவர் நிலைப்பாடு. 2011இல் நீதிக்கு இடையூறு செய்ததாக ஒரு குற்றச்சாட்டில் அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் நீக்கியது. இதற்கிடையே 2007 ஆகஸ்டு 7ஆம் நாள், ஹாங்க் ஆரனின் வாழ்நாள் சாதனையான 755ஐ அவர் கடந்தார். அந்த 756ஆவது பந்தை 7,52,467 டாலருக்கு ஏலத்தில் எடுத்த ஆடை வடிவமைப்பாளர் ஒருவர், அதை என்ன செய்யலாம் என்று மக்களிடமே வாக்குக் கேட்டார். நட்சத்திரக் குறி பொறிப்பதற்கே மிகுதியான வாக்குகள் விழுந்தன. குறி பொறித்த அந்தப் பந்து கூப்பர்ஸ்டவுனில் உள்ள புகழ்மன்றத்திற்கு வழங்கப்பட்டது. மாரிஸின் எண்ணருகே ஒருபோதும் அச்சாகாத குறி, இங்கே பந்தின் தோலிலேயே பதிந்தது.

இச்சாதனைகளை மதிக்க வேண்டும் என்போர் மூன்று காரணங்கள் கூறுவர். மூன்றும் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல.

முதலாவது, எந்தக் காலம் தூய்மையாக இருந்தது என்பது. 1947இல் ஜாக்கி ராபின்சன் களமிறங்கும்வரை கறுப்பின வீரர்களுக்குப் பெரிய அணிகளில் இடமில்லை. ரூத் தம் காலத்தின் சிறந்த பந்தெறியாளர் பலரை எதிர்கொள்ளாமலே அறுபது அடித்தார். கறுப்பினத்தாரின் தனி அணிகளில் ஆடிய ஜாஷ் கிப்சன், ராபின்சன் களமிறங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, முப்பத்தைந்தாம் வயதில் இறந்தார். 2024இல் அந்த அணிகளின் எண்கள் முதன்மை ஏட்டில் சேர்க்கப்பட்டபோது, .372 என்னும் அவருடைய வாழ்நாள் அடிச் சராசரி டை காப்பின் .367ஐத் தாண்டி முதலிடம் பெற்றது. ஏடும் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பதற்கு இது சான்று. ஆயினும் இரண்டு பிழைகளும் ஒன்றல்ல. நிறத்தடை, ஆட்டத்தை நடத்தியோர் வெளிப்படையாக இழைத்த அநீதி. மருந்து, உடன் ஆடுவோருக்குத் தெரியாமல் ஒருவர் எடுத்துக்கொண்ட அனுகூலம். முன்னோர் காலத்து அநீதி, பின்னோர் செய்யும் வஞ்சகத்திற்கு உரிமைச் சீட்டு ஆகாது.

இரண்டாவது, மருந்து திறனைத் தருவதில்லை என்பது. உண்மையே. ஸ்டீராய்டு தசையை வளர்க்கும். களைப்பிலிருந்து விரைவில் மீட்கும். விரைந்து வரும் பந்தைக் கணப்பொழுதில் அளந்தறியும் கண்ணை அது தராது. 1998க்குள்ளேயே பாண்ட்ஸ் மூன்று முறை ஆண்டின் மதிப்புமிகு வீரராகத் தேர்வு பெற்றவர். 400 ஹோம் ரன்களும் 400 தளத்திருட்டுகளும் கொண்ட முதல் வீரர். ஆனால் இவ்வாதம் இருபுறமும் வெட்டும் வாள். திறன் இருந்தது என்றால், அத்திறன் தானாக எதுவரை சென்றிருக்கும் என்பதை அறியும் வாய்ப்பையும் மருந்து அழித்துவிட்டது. முதலில் ஏமாந்தது அவருடைய சொந்தத் திறனே.

மூன்றாவது, ஆட்டத்தை நடத்தியோரே கண்ணை மூடிக்கொண்டார்கள் என்பது. இதுவே வலுவான வாதம். 1991இலேயே ஆணையர் ஒருவர் ஸ்டீராய்டு கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். சோதனை இல்லாத தடை வெறும் தாளாகவே கிடந்தது. ஆட்டக்காரர் சங்கமும் சோதனையை நெடுங்காலம் எதிர்த்தது. அரங்குகள் நிறைந்தன, உரிமையாளர்களின் கல்லாவும் நிறைந்தது. அக்காலத்து ஆணையர் பட் சீலிக் 2017இல் புகழ்மன்றத்தில் இடம்பெற்றார். பாண்ட்ஸோ, 2022இல் எழுத்தாளர் சங்கத்தின் இறுதி வாக்கெடுப்பில் தேவையான 75 விழுக்காட்டிற்கு 66 மட்டுமே பெற்று வெளியே நின்றார். அறுவடை செய்தவருக்கு மாலை, ஏர் பிடித்தவருக்கு மட்டும் பழி என்பது நீதியன்று.

இந்த வழக்கில் எவரும் அழைக்காத ஒரு சாட்சி உண்டு. அவர் பெயர் ஃப்ரெட் மெக்ரிஃப். 1989இல் முப்பத்தாறு ஹோம் ரன்களும் 1992இல் முப்பத்தைந்தும் அடித்து, தம் லீகில் முதலிடம் பெற்றவர். பத்தாண்டு கழிந்து எழுபதும் எழுபத்துமூன்றும் வந்தபோது, ஆண்டுக்கு முப்பது அடிக்கும் மனிதர் சராசரி வீரராகத் தோன்றினார். 493 ஹோம் ரன்களுடன் ஓய்வு பெற்றார். அவர்மேல் மருந்துப் பழி எதுவும் எழவில்லை. பத்தாண்டு வாக்கெடுப்புகளில் ஒருமுறைகூட அவர் நாற்பது விழுக்காட்டை எட்டவில்லை. 2022 டிசம்பரில் ஒரு குழு, பதினாறு பேரும் ஒருமித்து, அவரைத் தேர்ந்தது. அவருக்கேனும் நீதி காலந்தாழ்ந்து வந்தது. மருந்தெடுக்க மறுத்ததால் அணியில் இடமே கிடைக்காமல் சிற்றூர் ஆட்டங்களோடு திரும்பிப்போன இளைஞர்களுக்கு எந்த ஏட்டிலும் வரி இல்லை. ஊதிப் பெருத்த எண்ணொன்றை மதிக்கலாமா என்று கேட்கும்போது, அதனால் சிறுத்துப்போன எண்களையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

அப்படியாயின் அந்த எண்களை ஏட்டிலிருந்து அழித்துவிடலாமா? கூடாது. பந்து சுவரைக் கடந்ததை எவரும் கடக்கவில்லை என்று எழுத முடியாது. எறிந்தவர் உண்டு, தோற்ற அணி உண்டு, எழுந்து நின்று கைதட்டியவர்களும் உண்டு. இங்கே பதிப்பாசிரியரின் அறம் வழிகாட்டும். நல்ல பதிப்பாசிரியர், இடைச்செருகல் என்று ஐயுறும் பாடலைக் கிழித்தெறிவதில்லை. மூலப்பாடல்களோடு எண் கொடுத்துக் கலந்துவிடுவதும் இல்லை. மிகைப்பாடல் என்று தனியே அச்சிட்டு, ஐயத்தின் காரணத்தையும் குறித்து வைக்கிறார். படிப்பவருக்குப் பாடலும் கிடைக்கிறது, உண்மையும் கிடைக்கிறது.

ஏட்டில் இடம் என்பது நிகழ்ந்தவற்றின் உரிமை. மதிப்பு என்பது எவரும் உரிமையாகக் கேட்டுப் பெறும் பொருளன்று, மனமுவந்து அளிக்கப்படுவது. ஆகவே எண் நிற்கட்டும். அதனருகே ஒரு குறிப்பும் நிற்கட்டும். ஒப்புக்கொண்டவர் வேறு, மெய்ப்பிக்கப்பட்டவர் வேறு, ஐயத்திற்கு மட்டுமே ஆளானவர் வேறு என்று அக்குறிப்பு பிரித்துச் சொல்லட்டும். பெருத்த தோளைக் கண்டதும் குற்றவாளி என்பது மாரிஸுக்கு இழைத்த அநீதியின் மறுவடிவமே. சோதனை இல்லாத காலத்தில், ஆட்டத்தை நடத்தியோர் பயன் பெற்றிருக்க, இவை அடிக்கப்பட்டன என்பதையும் அது சொல்லட்டும். தனிமனிதர்மேல் மட்டும் குத்தப்படும் குறி அரைக்குறிப்பே.

2022 அக்டோபரில் ஆரன் ஜட்ஜ் அறுபத்திரண்டு அடித்து அமெரிக்கன் லீகில் மாரிஸின் எண்ணைக் கடந்தார். இதுவே உண்மையான சாதனை என்று மாரிஸின் மகன் வெளிப்படையாகவே கூறினார். ஜட்ஜோ, சாதனை எழுபத்துமூன்றுதான் என்று சொல்லியிருந்தார். மகன் பேசியது நெஞ்சில் நிற்பதைப் பற்றி. ஆட்டக்காரர் பேசியது ஏட்டில் நிற்பதைப் பற்றி. இருவரும் சொன்னது உண்மை. ஏடும் நெஞ்சும் ஒரே எண்ணைச் சொல்லாமற்போனதுதான் அந்த நான்கு ஆண்டுகள் விட்டுச்சென்ற இழப்பு.

எழுதுவோர்க்கும் இது பொருந்தும். பெயர் ஏட்டில் ஏறப் பல வழிகள் உண்டு. நெஞ்சில் ஏற, தன் கையால் எழுதியதைத் தவிர வேறு வழி இல்லை.