செயற்கை முழங்கால் மூட்டும் தேய்மானச் சோதனையும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் காலனியில் முதியோர் சிலர் செயற்கை முழங்கால் மூட்டுப் பொருத்திக்கொண்டுள்ளனர். சிலர் தயங்கி நிற்கின்றனர். "அது எத்தனை ஆண்டு உழைக்கும்?" என்பதே அனைவரின் கேள்வி. ரயில் சக்கரத்தின் தேய்மானத்தை அளந்து பார்த்தே வண்டியை ஓடவிடுகின்றனர். மூட்டுக்கும் அத்தகைய சோதனை உண்டு.

செயற்கை மூட்டில் தொடையெலும்பின் முனைக்கு உலோகக் கவசமும், கீழெலும்பின் மேல் ஒரு தட்டும், இடையே பாலிஎதிலீன் என்னும் பிளாஸ்டிக்கும் உள்ளன. பெரிதும் தேய்வது பிளாஸ்டிக்கே. உதிரும் நுண்துகள்களை எதிர்க்க முற்படும் உடல், அருகிலுள்ள எலும்பையே கரைத்துவிடக்கூடும். அப்போது மூட்டுத் தளரும். மறு அறுவை நேரும். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்னும் மருத்துவர் முதலில் இடுப்பு மூட்டுக்கு டெஃப்லான் கிண்ணம் பொருத்தினார். அது சில ஆண்டுகளிலேயே தேய்ந்தமையால், 1962-இல் பாலிஎதிலீனுக்கு மாறினார். முன்சோதனையின் இன்றியமையாமையை உலகிற்கு உணர்த்திய பாடம் அது.

இன்று ஐ.எஸ்.ஓ. 14243 என்னும் உலகத் தர விதிப்படி, மூட்டை இயந்திரத்தில் பூட்டி, கன்றின் குருதிநீரில் நனைத்து, 50 லட்சம் முறை நடக்கச் செய்கின்றனர். நொடிக்கு ஓரடி வீதம் இடைவிடாது ஓடினும் 58 நாட்கள் ஆகும். இது ஏறத்தாழ ஐந்தாண்டு நடைக்குச் சமம். இடையிடையே பிளாஸ்டிக்கை எடுத்து நிறுத்து, மில்லிகிராம் கணக்கில் குறைவை அறிகின்றனர். பிளாஸ்டிக் நீரை உறிஞ்சுமாதலால், தேயாத மற்றொன்றையும் அந்நீரிலேயே ஊறவைத்து நிறுத்துக் கணக்கைத் திருத்துகின்றனர். என்னே நுட்பம்!

ஆயினும் இது சமதள நடைக்கான சோதனை. பெர்லின் நகரின் சாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள், நோயாளிகளின் மூட்டுக்குள்ளேயே அளவுகருவி வைத்துப் பார்த்தனர். நடக்கையில் உடல் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கும், படியிறங்குகையில் மூன்றரை மடங்கும் சுமை விழக் கண்டனர். ஆகவே படியேறுதல், இறங்குதல், நாற்காலியினின்று எழுதல் முதலியவற்றையும் ஆய்வாளர் சோதனையிற் சேர்த்துவருகின்றனர்.

நாமோ சம்மணமிட்டு உண்பவர், குந்தியிருந்து கோலமிடுபவர், நெடுஞ்சாண்கிடையாக வணங்குபவர். ஆதலின் அறுவைக்கு முன்பே நம் அன்றாடப் பழக்கங்களை மருத்துவரிடம் ஒளியாது கூறி, எவை கூடும், எவை கூடா என்று கேட்டறிதல் வேண்டும். பந்தியில் ஒரு பாட்டியார் நாற்காலி கேட்பின், அதனை மரியாதைக் குறைவென எண்ணாது, நாமே முன்வந்து இடுவோமாக.