மூட்டுத் 'தேய்வு' என்னும் பெயர்



நோய்க்கு இடும் பெயர் அந்நோயைப் பற்றிய எண்ணத்தையும் உடன் விதைத்துவிடுகின்றது. முழங்கால் நோவுக்கு 'மூட்டுத் தேய்வு' என்று பெயர். செருப்பும் வண்டியச்சும் தேய்வது போல் மூட்டும் தேய்ந்ததென்று கேட்ட முதியோர், எஞ்சியதையாவது காப்போமென நடையை விட்டு அமர்ந்துவிடுகின்றனர். பெயர் தூய தமிழ்தான், பொருள்தான் பிழை. தமிழ்ச்சொல் தூய்மையோடு மெய்ம்மையும் உடையதாதல் வேண்டும்.

மூட்டில் எலும்பு முனையைப் போர்த்திருப்பது குருத்தெலும்பு. அதன் எடையில் 65 முதல் 80 விழுக்காடு வரை நீரே. குருதிக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. நார்வலையும் நீரைப் பிடித்துவைக்கும் பசையுமான அப்பரப்பில், உயிரணு எனப்படும் கண்ணறைகள் ஆங்கொன்றும் ஈங்கொன்றுமாய்க் கிடக்கின்றன. நாரையும் பசையையும் ஆக்குவன அவையே; அவற்றைச் சிதைக்கும் நொதிகளை வெளிவிடுவனவும் அவையே. சிதைவு ஆக்கத்தை விஞ்சினால் நோய். அழிந்த குருத்தெலும்பு மீளாதென்று இலண்டன் மருத்துவர் வில்லியம் அண்ட்டர் 1743-ஆம் ஆண்டிலேயே எழுதினார்.

கண்ணறை எப்பொழுது சிதைவின் புறம் சாய்கின்றது? இங்கேதான் கணக்கு நுழைகின்றது. 1980-இல் அமெரிக்காவில் வேன் மௌவும் அவர் குழுவினரும் குருத்தெலும்பை நீரும் திண்பொருளும் கலந்த இருகூற்றுப் பொருளாகக் கொண்டு சமன்பாடு அமைத்தனர். மிதித்த நொடியில் சுமையின் பெரும்பங்கை நீரே தாங்குகின்றது. அது மெல்லக் கசியக் கசியச் சுமை நார்வலைக்கு மாறுகின்றது. 1989-இல் மாசச்சூசெட்சு ஆய்வாளர் குருத்தெலும்புத் துண்டுகளை அழுத்திப் பார்த்தனர். விடாது அழுத்தியபோது கண்ணறையின் ஆக்கம் குன்றிற்று. உரிய விரைவில் அழுத்தியும் விட்டும் வந்தபோது மிகுந்தது. நடை என்பது அழுத்தியும் விட்டும் வருவதன்றி வேறென்ன?

பின்னர்க் கணிப்பொறி கண்ணறைக்குள்ளேயே புகுந்தது. மரபணுக்களை விளக்குச் சொடுக்கிகளாகக் கொண்டு, எது எதனை ஏற்றும், எது எதனை அணைக்கும் என்று பின்னிய வலை அது. பெல்சிய ஆய்வாளர் 2016-இல் வெளியிட்ட வலை சென்று நிலைத்த நிலைகளுள் இரண்டு கருதத்தக்கன. ஒன்றில் சாக்சு-9 ஓங்கிக் கண்ணறை குருத்தின் தன்மையிலேயே நிற்கின்றது. மற்றொன்றில் இரன்க்சு-2 ஓங்கிக் கண்ணறை பருத்து எலும்பாகும் வழியில் திரும்புகின்றது. வளரும் பிள்ளைக்கு இரண்டாம் வழி வேண்டுவதே. முதியவர் முழங்காலில் அது நோயின் வழி. பள்ளத்தில் கிடக்கும் உருண்டையைச் சிறிது தள்ளினால் மீண்டும் அங்கேயே வரும். கரை தாண்டத் தள்ளினாலோ அடுத்த பள்ளத்தில் விழும். எந்தச் சொடுக்கியைத் தொட்டால் அவ்வீழ்ச்சியைத் தடுக்கலாமென்று கணிப்பொறியில் ஆயிரம் முறை பார்க்கலாம். மாந்தர் முழங்காலில் பார்க்கவியலாது. ஆயினும் கணக்கு மருந்தாகிவிடாது. அதன் விடையை ஆய்வுக்கூடம் ஏற்றல் வேண்டும்.

ஆகலின் 'தேய்வு' என்பதை விடுத்துக் 'குருத்துச் சிதைவு' எனலாம். சிதைவென்றால் சிதைப்பது யாதென வினவத் தோன்றும். அளவறிந்து நடக்குமாறு மருத்துவர் கூறுங்கால், தேய்ந்த காலை மேலும் தேய்க்கச் சொல்கின்றாரே என்று முதியவர் அஞ்சவும் மாட்டார்.