ஊரடங்கும் சேரியும்

(மாணவர்களும் களப்பணியாளர்களும் கூடிய ஒருநாள் விவாத அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்கு முன்னால் இரண்டு தோழர்கள் பேசினார்கள். 2020-இல் போட்ட ஊரடங்கு என்பது அரசு தன் ஒடுக்குமுறையை ஒத்திகை பார்த்த நிகழ்வு, இனி எந்தக் கொள்ளைநோய் வந்தாலும் அதை முழுக்க எதிர்க்க வேண்டும் என்றார் ஒருவர். அது மருத்துவம் காட்டிய வழி, எதிர்ப்பவன் மூடன் என்றார் இன்னொருவர். ரெண்டு பேருமே நல்லா பேசினாங்க. நானும் கைதட்டினேன். ஆனால் இரண்டு பேச்சிலும் 'மக்கள்' வந்தார்கள், சேரி வரவில்லை. இந்த 'மக்கள்' என்ற சொல்லுக்குள் போட்டு நம்மை எத்தனை முறை காணாமல் அடித்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதனால் சொல்லிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஊரடங்கு. ஊர் அடங்குவது. சரி, ஊர் என்றால் எது? எங்க ஆயா 'ஊருக்குள்ள போயிட்டு வரேன்'னு சொல்லும். அப்படின்னா நாங்க இருந்த இடம் ஊர் இல்லை. ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்து வைத்த நிலத்தில் நின்றுகொண்டு, 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்கு மாநிலம் முழுக்க 144 என்றார்கள். அன்றைக்கு ராத்திரி 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் வந்து, 12 மணியிலிருந்து 21 நாள் நாடே வீட்டுக்குள் என்றார். நாலு மணி நேரம் அவகாசம். இன்னொரு சொல்லும் கூடவே வந்தது: சமூக இடைவெளி. உலக சுகாதார நிறுவனமே அந்த மார்ச் மாதத்தில், சமூக இடைவெளி என்று சொல்ல வேண்டாம், உடல் இடைவெளி என்று சொல்லுவோம் என்று தன்னைத் திருத்திக்கொண்டது. நம்மூரில் ஆட்டோவில் மைக் கட்டி 'சமூக இடைவெளியைக் கடைப்பிடியுங்கள்' என்று சொல்லிக்கொண்டு போனார்கள். கடைப்பிடிக்கச் சொல்லிக் கொடுக்கணுமா என்ன? ஆயிரம் வருசமா கடைப்பிடிச்சுட்டுத்தானே இருக்கானுங்க.

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், இங்கே இருக்கிற பாதிப் பேர் ஊரில் இதுதான் நடந்திருக்கும். ஊரடங்கு போட்ட மூன்றாம் நாள், ஊர்ப் பையன்கள் வேலிக்காத்தான் முள்ளை வெட்டி வந்து வழியை அடைத்தார்கள். வெளியாள் வரக்கூடாதாம். முள்ளை எங்கே போட்டார்கள்? மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் போகிற வழியில் ஒன்று. காலனியிலிருந்து ஊருக்குப் போகிற வழியில் இன்னொன்று. ரேஷன் கடை அந்தப் பக்கம். மளிகைக் கடை அந்தப் பக்கம். பால் சொசைட்டி அந்தப் பக்கம். இந்தப் பக்கம் நாங்கள், ஒரு தண்ணீர்த் தொட்டி, சுடுகாடு. அன்றைக்கு எங்கள் தெருவில் ஒருவருக்கும் சளிகூட இல்லை. 'வெளியாள்' என்கிற சொல்லுக்கு அவர்கள் வைத்திருந்த பொருள் அது.

அரிசி அட்டைக்கு ஆயிரம் ரூபாயும் இலவச அரிசியும் ஏப்ரலில் வந்தபோது, முள்ளைத் தாண்டிப் போய்த்தான் வாங்கினார்கள் எங்கள் பெண்கள். டோக்கனில் போட்ட நேரம் ஒன்று, ஊர்த் தெரு முடிந்த பிறகு கூப்பிட்ட நேரம் ஒன்று.

ஒரு நாள் காலையில் பார்த்தால் முள் இல்லை. போலீஸ் வந்து எடுத்ததா? இல்லை. அரசு தளர்வு கொடுத்ததா? அதுவும் இல்லை. மல்லாட்டை பிடுங்குகிற நேரம் வந்துவிட்டது. விவசாய வேலைக்கு விலக்கு உண்டு என்று அதற்குள் படித்துத் தெரிந்துகொண்டார்கள். நோயும் அதேதான், காலனியும் அதேதான். செடி முற்றியது, வழி திறந்தது. அந்த முள்ளை என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். எங்க பெரியம்மா அடுப்புக்கு இழுத்துட்டு வந்துட்டாங்க.

இதனால் ஊரடங்கையே எதிர்க்க வேண்டும் என்று சொல்ல வருகிறேனா? இல்லை. அங்கேதான் முதல் தோழரிடமிருந்து வேறுபடுகிறேன். 1918-இல் விஷக்காய்ச்சல் பம்பாயில் அடித்தபோது சாவைச் சாதிவாரியாகக் கணக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள். ஆயிரம் பேருக்கு எத்தனை சாவு என்று பாருங்கள்: ஐரோப்பியரில் 8-க்குச் சற்று மேல். சாதி இந்துக்களில் ஏறக்குறைய 19. தாழ்த்தப்பட்டவர்களில் 61-க்கும் மேல். கிருமி சாதி பார்க்காது என்று 2020-இல் எல்லாரும் சொன்னார்கள். கிருமி பார்க்காது, ஒப்புக்கொள்கிறேன். காற்று வராத ஒற்றை அறை பார்க்கும், அரை வயிறு பார்க்கும், ஆஸ்பத்திரிக்கு இருக்கிற தூரம் பார்க்கும். 2021 மே மாதம் சென்னையில் அரசு ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்சுகள் வரிசையில் நின்றதைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். பரவட்டும், வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு அரசு விட்டுவிட்டால் முதலில் விழுகிற பிணம் நம் தெருவிலிருந்துதான். ஆகவே ஆளை ஆள் நெருங்காமல் சில நாள் இருக்கச் சொல்வதை நான் எதிர்க்க மாட்டேன். அப்படி இருக்கச் சொல்கிறவன் எனக்கு என்ன தரக் கடமைப்பட்டிருக்கிறான் என்பதுதான் என் கேள்வி.

இங்கே இரண்டாவது தோழருக்கு ஒரு பதில். மருத்துவம் சொன்னது என்றீர்கள். மருத்துவம் சொல்லியிருக்கலாம், கையில் எடுத்தது எந்தச் சட்டம்? 1897-ஆம் வருடத்துக் கொள்ளைநோய்ச் சட்டம். பம்பாயிலும் பூனாவிலும் பிளேக் வந்தபோது வெள்ளைக்காரன் அவசரமாகப் போட்டது. நாலே பிரிவு. பெயருக்கு ஒன்று. அரசு எந்த உத்தரவும் போடலாம் என்பதற்கு ஒன்று. மீறினால் தண்டனை, அதற்கு ஒன்று. உத்தரவை நல்லெண்ணத்தோடு நிறைவேற்றிய அதிகாரி மேல் வழக்குப் போட முடியாது, அதற்கு ஒன்று. முடிந்தது சட்டம். அடைத்து வைத்தவனுக்குச் சோறு யார் போடுவது? கூலி யார் கொடுப்பது? அதற்குப் பிரிவு கிடையாது. அதற்குப் பிறகு எத்தனையோ திருத்தம் வந்தது, 2020 ஏப்ரலில்கூட மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் கடுந்தண்டனை என்று சேர்த்தார்கள். நியாயமான திருத்தம்தான். சோற்றுக்கு மட்டும் திருத்தம் வரவில்லை.

அந்தப் பூனா பிளேக்கைப் பற்றி நமக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன சொன்னார்கள்? சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து சோதனை போட்டார்கள், சமையலறை வரை போனார்கள், தீட்டாகிவிட்டது, கொதித்துப்போன சாபேகர் சகோதரர்கள் 1897 ஜூனில் ராண்ட் என்கிற அதிகாரியைச் சுட்டார்கள், அது தேசபக்தி. சிப்பாய்களின் கெடுபிடி உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே பூனாவில், அதே வருடம் மார்ச் 10-ஆம் தேதி சாவித்திரிபாய் பூலே செத்துப்போனார். எதனால்? பிளேக்கால். பூனாவுக்கு வெளியே மகன் யஷ்வந்த் நடத்திய சிகிச்சை நிலையத்துக்கு, நோய் கண்ட மகர் குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனதில் தொற்றிக்கொண்டது. அவரும் நோயாளியை ஊருக்கு வெளியேதான் வைத்தார், தோழர்களே. அவரும் செய்தது தனிமைப்படுத்தல்தான். ஆனால் தோளில் தூக்கிப் போய்த் தனிமைப்படுத்தினார். ராண்டைச் சுட்ட கதை பாடமானது. இந்தக் கதையை நாம்தான் தேடி எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஊரடங்கு சரியா தவறா என்று இனி யாராவது கேட்டால், எந்த 1897-ஐப் பற்றிக் கேட்கிறாய் என்று திருப்பிக் கேளுங்கள்.

2020-க்கு வருகிறேன். எல்லாரையும் வீட்டில் இருக்கச் சொன்ன அதே நாளில், ஒரு கூட்டத்தை மட்டும் கட்டாயம் வெளியே வரச் சொன்னார்கள். துப்புரவுத் தொழிலாளர்கள். பெரும்பாலும் யார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பஸ் ஓடவில்லை, குப்பை வண்டியில் ஏறி வேலைக்குப் போனார்கள். அந்த வருடம்தான் பெயரை மாற்றித் 'தூய்மைப் பணியாளர்' ஆக்கினார்கள். மாலை போட்டார்கள். சில இடங்களில் காலைக் கழுவிப் படம் எடுத்துக்கொண்டார்கள். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில், இரண்டு மண்டலங்களின் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று அதே தொழிலாளிகள் இரவும் பகலும் உட்கார்ந்தபோது, 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீசை விட்டு அள்ளிக்கொண்டு போனார்கள். மாலை போட்டது ஒரு கட்சி ஆட்சியில், அள்ளிப்போனது இன்னொரு கட்சி ஆட்சியில். இதில் நாம் யாருக்கும் வக்கீல் வேலை பார்க்க வேண்டியதில்லை.

லத்தியைப் பற்றி நிறையச் சொல்லலாம். சாத்தான்குளத்தில் கடையை நேரம் தாண்டித் திறந்து வைத்தார்கள் என்று 2020 ஜூன் 19-இல் பிடித்துப்போன ஜெயராஜும் பென்னிக்ஸும் நாலு நாளுக்குள் பிணமானார்கள். அவர்கள் தலித்துகள் இல்லை. அதனால் நாடே பேசியது என்று ஒரு தோழர் கசப்பாகச் சொன்னார். அந்தக் கசப்பு எனக்குப் புரிகிறது, ஆனால் அதோடு சேர்ந்து நிற்க எனக்கு விருப்பமில்லை. யார் செத்தாலும் காவல் நிலையக் கொலை கொலைதான். ஊரடங்கை மீறியதாகத் தமிழ்நாட்டில் போட்ட வழக்குகள் சுமார் 10 லட்சம். தேர்தல் நெருங்கிய 2021 பிப்ரவரியில், பெரும்பாலானதை வாபஸ் வாங்குகிறோம் என்றார்கள். பறித்த வண்டியை மீட்கக் கோர்ட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் அலைந்த கூலிநாளை யார் வாபஸ் கொடுத்தார்கள்?

வழக்கைவிட மோசமானது திடீர் உத்தரவு. 2020 ஏப்ரல் 24-இல் சொன்னார்கள்: சென்னை, கோவை, மதுரையில் 26 முதல் நாலு நாள் முழு அடைப்பு, காய்கறிக் கடைகூட கிடையாது. 25-ஆம் தேதி சந்தைகளில் கூட்டம் எப்படி இருந்திருக்கும்? அடுத்த பத்து நாளைக்குள் கோயம்பேடு தொற்று மையம் என்று செய்தி, மே 5-இல் மூடல். அங்கே மூட்டை தூக்கியவர்கள் கடலூருக்கும் அரியலூருக்கும் விழுப்புரத்துக்கும் லாரியில் திரும்பி வந்தார்கள். 'கோயம்பேட்டுக்காரன்' என்று ஒரு புதுச்சாதியே உண்டாகிவிட்டது எங்கள் பக்கம். கூலிக்குப் போனவன் நோயைக் கொண்டுவந்தான் என்றார்கள். ஒரே நாள் அவகாசத்தில் உத்தரவு போட்டவன் எதைக் கொண்டுவந்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. வடக்கே இன்னும் கொடுமை. மே 8 விடியற்காலை அவுரங்காபாத் பக்கம் தண்டவாளத்தில் படுத்துத் தூங்கிய 16 தொழிலாளிகள் மேல் சரக்கு ரயில் ஏறியது. ஊருக்கு நடந்து போனவர்கள். ஒரு கோடிக்கு மேல் பேர் ஊர் திரும்பினார்கள் என்று அந்த செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கணக்குச் சொன்ன ஒன்றிய அரசு, வழியில் செத்தவர்களின் கணக்கு இல்லை என்றது. பிணத்துக்குக் கணக்கு இல்லாததால் இழப்பீடும் இல்லை.

மாணவர்களுக்கு ஒரு விஷயம். பள்ளிக்கூடம் 2020 மார்ச்சில் மூடி, எட்டாம் வகுப்பு வரைக்கும் 2021 நவம்பரில்தான் திறந்தது. டாஸ்மாக் எப்போது திறந்தது தெரியுமா? 2020 மே 7. உயர்நீதிமன்றம் மூடச் சொல்லி, உச்சநீதிமன்றம் போய்த் தடை வாங்கி, 16-ஆம் தேதி மறுபடி திறந்தார்கள். ஆதிதிராவிடர் நல விடுதி மூடினால் படிப்பு மட்டும் போகாது, மூன்று வேளைச் சோறும் போகும். அதற்காக உச்சநீதிமன்றம் வரை யாரும் ஓடவில்லை.

2021-இல் இரண்டாவது முறை மே மாதம் மாநில அரசே ஊரடங்கு போட்டபோது, அட்டைக்கு 4000 ரூபாய் இரண்டு தவணையாகவும் மளிகைப் பையும் கொடுத்தார்கள். முந்தைய வருடத்து ஆயிரத்தோடு வைத்துப் பார்த்தால் நாலு மடங்கு. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இதைச் சொல்கிறேன். ஆனாலும் அது கொடை மாதிரிதான் வந்தது, சட்டப்படியான பாக்கியாக வரவில்லை. வீட்டில் உட்கார் என்பது அரசு நம்மிடம் வாங்குகிற வேலை. வேலைக்குக் கூலி உண்டு. நூறு நாள் வேலைக்கு 2020-இல் தமிழ்நாட்டில் நிர்ணயித்த நாள் கூலி 256 ரூபாய். 21 நாள் உட்காரச் சொன்னால் ஓர் ஆளுக்கு எவ்வளவு ஆகிறது, நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஆயிரத்தோடு ஒட்டுமா?

இதையெல்லாம் பேச வேண்டிய இடம் கிராமசபை. அந்த 2020 அக்டோபர் 2 கிராமசபையை, தொற்றைக் காரணம் காட்டி ரத்து செய்தார்கள். அதே அக்டோபரில்தான் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான தலித் பெண்ணைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளியே வந்தது. மற்றவர்களுக்கு நாற்காலி, தலைவருக்குத் தரை. சமூக இடைவெளி என்று அவர்கள் எதைப் புரிந்துகொண்டார்கள் என்று ஒரு புகைப்படம் சொல்லிவிட்டது.

அதனால், நோய் வந்த பிறகு விவாதிப்பதில் பயனில்லை. இப்போதே பேச வேண்டும். எங்கள் ஊராட்சியில் வருகிற கிராமசபைக்கு ஒரு தீர்மானம் எழுதியிருக்கிறோம். இனி எந்தக் கொள்ளைநோய்க்காக அடைப்பு உத்தரவு வந்தாலும் அரிசியும் நாள் கூலியும் உத்தரவுக்கு முந்தின நாளே காலனிக்குள் வந்து சேர வேண்டும். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் யாரும் வழியை அடைக்கக் கூடாது, அடைத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு. காலனிக்குத் தனியாக ஒரு ரேஷன் கடை. 'தனியாக' என்று கேட்பதே பிரிவினையை ஒத்துக்கொள்வதாகாதா என்று எங்களுக்குள்ளேயே சண்டை நடக்கிறது, எங்க பெரியம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பெரியம்மாதான் தனிக்கடை வேணும்ங்கிறாங்க. நகல் வாசலில் இருக்கிறது. எடுத்துப் படித்துவிட்டு, சாப்பாட்டுக்கு அப்புறம் யார் பக்கம்னு சொல்லுங்க.