ஸ்காட்லாந்து வேடமும் நம் வீட்டுக் கைலியும்

(ஆண்டு விழாவை முன்னிட்டு நடைபெற்ற மாதர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழா என்றால் குழந்தைகளின் மாறுவேடப் போட்டி இல்லாமற் போவதில்லை. அதில் நான்கு பாரதியாரும் மூன்று ஒளவையாரும் இரண்டு கட்டபொம்மனும் மேடையேறுவதும் தவறுவதில்லை. ஒரு முறை இரு கட்டபொம்மர்களும் மேடைக்குப் பின்னால் ஒரே மீசைக்காகப் போரிட்டதையும் கண்டோம். ஆகவே சென்ற ஆண்டு, புதியதொரு வேடமாக இருக்கட்டுமே என்று எங்கள் பேரனுக்கு ஸ்காட்லாந்து வீரனின் உடையை அணிவித்தோம். பிள்ளை மேடையில் கால் வைத்ததும் எவரோ, “பையன் பாவாடை கட்டியிருக்கிறான்!” என்று கூவினார். அவை சிரித்தது. அவன் அழுதுகொண்டே இறங்கி வந்தான். இனி எந்த வேடமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

பிழை எங்களுடையதே. உடையைத் தைத்தோமே யன்றி, அதன் கதையை அவனுக்குச் சொன்னோமில்லை.

அக்கதை இதுதான். ஸ்காட்லாந்தின் மலைநாட்டார் பழங்காலத்தில் இவ்வுடையைக் கொசுவம் தைத்து உடுத்தவில்லை. நீண்ட கம்பளித் துணியைத் தரையில் விரித்து, கொசுவம் மடித்து, இடைவாரால் இறுக்கி, எஞ்சியதைத் தோளில் போட்டுக்கொண்டனர். நம் வேட்டிக்கும் சேலைக்கும் இது உறவு முறையன்றோ! 1746-ல் கலோடன் போர்க்களத்தில் அவர்கள் தோற்றபின், இவ்வுடையை அணிதல் குற்றம் என்று சட்டம் வந்தது. முதன்முறை அணிந்தால் ஆறு மாதச் சிறை. மறுமுறை அணிந்தால் ஏழாண்டு நாடு கடத்தல். படையில் சேர்ந்தவர்க்கு மட்டும் விலக்கு உண்டு. 1782-ல்தான் அச்சட்டம் நீங்கியது.

இதனைச் சென்ற மாதம் பேரனிடம் கூறினோம். வெகுநேரம் பேசாமலிருந்தவன், “கட்டிக்கொண்டதற்கா ஜெயில்?” என்று மட்டும் கேட்டான்.

சங்கத்துப் பெரியவர் ஒருவர் வேறொரு தடை எழுப்பினார். ஸ்ரீரங்கப்பட்டணத்தை வீழ்த்தியவர்களின் உடையை மைசூரில் அணியலாமா என்றார். நியாயமான கேள்வி. 1799 மே 4-ஆம் நாள் அக்கோட்டையைத் தாக்கிய படைக்குத் தலைமை தாங்கிய டேவிட் பெயர்டு ஸ்காட்லாந்துக்காரர்தாம். ஆனால் அவரே 1780-ல் நம் காஞ்சிக்கு அருகே பொள்ளிலூரில் ஐதர் அலியின் படையிடம் சிக்கி, ஏறத்தாழ நான்காண்டுகள் அதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கைதியாகக் கிடந்தவர். தரியா தௌலத் மாளிகையின் சுவரில் பொள்ளிலூர்ப் போர் ஓவியமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. விடுமுறைக்கு அங்கே செல்லும் நாம் எத்தனை பேர் நின்று பார்த்திருக்கிறோம்? வேடம் போடும் பிள்ளை இரு பக்கத்துக் கதையையும் அறிந்து போடட்டும் என்பதே எம் கருத்து. பெரியவர் முழுதும் உடன்பட்டார் என்று சொல்வதற்கில்லை.

இனி, செய்முறைக்கு வருவோம். டார்ட்டன் என்னும் அந்நாட்டுக் கட்டத்துணியை விலை கொடுத்துத் தேட வேண்டா. நம் மதராஸ் கட்டத்துணிக் கைலி போதும். சிவப்பும் பச்சையும் கலந்ததாக, மூட்டாத கைலி ஒன்றை எடுத்து, நீளவாட்டில் மூன்றாகக் கிழித்தால் மூன்று பிள்ளைகளுக்கு ஆகும். ஒவ்வொரு துண்டும் சுமார் 78 அங்குல நீளம், 16 அங்குல அகலம் இருக்கும். இடுப்பு 22 அங்குலமுள்ள பிள்ளைக்கு இரு ஓரத்திலும் 11 அங்குலம் மடிப்பின்றி விட்டு, நடுவிலுள்ள துணியை ஒன்பது கொசுவமாக மடித்து 11 அங்குலத்திற்குள் அடக்கி, மேல் விளிம்பில் மட்டும் ஓட்டுத் தையல் போடுக. கொசுவம் பின்புறம் வரவேண்டும். குடகுப் பெண்டிர் சேலைக் கொசுவத்தைப் பின்னால் வைத்துக் கட்டுவதை இவ்வூர்க் கடைத்தெருவில் பார்த்திருப்பீர்கள்; அவ்வண்ணமே. மடிப்பில்லாத ஓரங்கள் முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, மேலோரம் வலப்பக்கம் முடியும். அதன் கீழ்மூலையில் ஒரு பெரிய ஊக்கு. உள்ளே அரைக்கால் சட்டை கட்டாயம் இருக்கட்டும். மேடையில் காற்று யாரையும் கேட்டு வீசுவதில்லை.

இடையின்முன் தொங்கும் ஸ்போரன் என்னும் பைக்குப் பாட்டியின் சுருக்குப்பையே பொருந்தும். கறுப்புக் கம்பளி நூலால் மூன்று குஞ்சம் கட்டினால் போதும். மேலே பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, முழங்கால் வரை காலுறை. பழைய நீலக் கம்பளிக் குல்லாயின் உச்சியில் சிவப்பு நூற்பந்து தைத்தால் தொப்பி ஆயிற்று. பெண் குழந்தைக்கு வெள்ளைக் கவுனின்மேல் அதே கட்டத்துணியைத் தோளில் குறுக்காக அணிவித்தால் அழகாக இருக்கும்.

பைக்குழல் செய்வதுதான் பிள்ளைகளுக்குப் பெருங்களிப்பு. தலையணை உறையில் பழந்துணி அடைத்து இடக்கையின் அடியில் இடுக்கச் செய்க. செய்தித்தாளை இறுகச் சுருட்டிக் கறுப்பு மை பூசிய குழல்கள் ஐந்து வேண்டும்: தோள்மேல் சாயும் மூன்று, ஊதுவதற்கு ஒன்று, விரல் வைத்து வாசிக்கத் துளைப் புள்ளிகளிட்ட ஒன்று. இவ்வாத்தியம் நமக்கு அந்நியமன்று. நம் இராணுவப் படைப்பிரிவுகள் பலவற்றில் முழங்குகிறது, கடுவால் மலைநாட்டுத் திருமணங்களிலும் ஒலிக்கிறது.

காலுறையில் செருகும் சிறு கத்தியை அட்டையில் வெட்டிக் கறுப்புத்தாள் ஒட்டுக. மெய்க்கத்தி கூடவே கூடாது. பேரன் இவ்வாண்டு மேடையேற இசைந்துவிட்டான். இரண்டு காலிலும் கத்தி வேண்டுமென்கிறான். வலக்காலில் ஒன்றுதான் வழக்கமென்று இன்று காலை வரையில் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.