தாயின் கையில் ஒரு குடம்

(சென்னை தியாகராய நகரில் நடைபெற்ற இலக்கியக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கதை என்றால் கதாநாயகன், கதாநாயகி என்று பேசியே நமக்குப் பழகிவிட்டது. இரண்டு பக்கம் வந்து போகும் பாத்திரத்தை யார் விசாரிக்கிறார்கள்? ஆனால், ஒரு வாழ்வு மீள்வதும் மூழ்குவதும் சில வேளைகளில் அந்தச் சிறு பாத்திரத்தின் கையில்தான் இருக்கிறது.

1966-ல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தன் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ உங்களில் பலர் படித்ததுதான். இளமையில் சென்னையில் நமது கட்சிக் கம்யூனில் வளர்ந்தவர், ஜனசக்தி அச்சகத்தில் வேலை பார்த்தவர் அவர். பின்னாளில் விலகிக் காங்கிரஸ் மேடை ஏறினார். அந்த வழக்கு இன்று வேண்டாம்.

கொட்டுகிற மழை. பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஏழைக் கல்லூரிப் பெண். பெரிய கார் ஒன்று வந்து நிற்கிறது. காரில் வந்தவன் அவளைக் கெடுத்து வீதியில் இறக்கிவிட்டுப் போகிறான். காருக்கும் பஸ்ஸுக்கும் உள்ள தூரம்தான் இந்தச் சமூகம், தோழர்களே!

வீட்டில் இருப்பவள் விதவைத் தாய். அவள் படித்தவள் அல்ல. சீர்திருத்தக் கூட்டம் எதற்கும் போனவளும் அல்ல. செய்தி கேட்டதும் அவளும் அலறுகிறாள், மகளை அடிக்கிறாள். அக்கம்பக்கத்தார் என்னவென்று கேட்கிறார்கள். மயிலாப்பூர் மாடவீதிகளை ஒட்டிய பழைய ஒண்டுக்குடித்தனங்களை அறிந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் பயங்கரம் புரியும். ஒரு வீட்டு இருமல் நாலு வீட்டுக்குக் கேட்கும் இடம் அது! அந்தக் கணத்தில்தான் தாய் திரும்புகிறாள். பெண் மழையில் நனைந்து வந்துவிட்டாள், அதற்குத்தான் திட்டுகிறேன் என்று மழுப்பிவிட்டு, மகளை உள்ளே இழுத்துப்போய்க் குடம் குடமாகத் தலையில் தண்ணீர் கொட்டுகிறாள். நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அவ்வளவுதான், கதை முடிந்தது.

விகடனுக்குக் கண்டனக் கடிதங்கள் குவிந்தன. கற்பு போயிற்று என்று கூக்குரலிட்டவர்கள் காரில் வந்தவனைப் பற்றி எவ்வளவு கவலைப்பட்டார்கள் என்பது வேறு சங்கதி.

சரி, அந்தத் தாய் மழுப்பாமல் இருந்திருந்தால்? அதையும் ஜெயகாந்தனே எழுதினார். 1970-ல் நூலாக வந்து, 1972-ல் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் அதே மழை, அதே கார், அதே பெண். அவளுக்குக் கங்கா என்று பெயரும் உண்டு. மாறியது ஒன்றே ஒன்று: தாய் கனகம் ஊர் கேட்க அழுதுவிடுகிறாள். அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். ஆதரித்துப் படிக்கவைக்கும் மாமனோ அவள்மேலேயே கண் வைக்கிறான். கங்கா படிக்கிறாள், அதிகாரியாகிறாள், கை நிறையச் சம்பளம் வாங்குகிறாள். ஆனால் அந்த மழை இரவிலிருந்து அவளால் வெளியே வர முடியவில்லை. கடைசியில் குடியில் விழுகிறாள். பத்திரிகையில் வந்த அந்தச் சிறுகதையைக் கங்காவே படிப்பதாகவும் நாவலில் வருகிறது. தனக்குக் கிடைக்காத தாயை அச்சில் பார்க்கிற மகள்! இதைவிடக் கொடுமையான இடம் நாவலில் இல்லை என்பேன்.

இந்தக் கதையைப் பேசும்போது பெண் தோழர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: குற்றம் செய்தவன் காரில் போய்விட்டான், குளிப்பாட்டுவது மட்டும் இவளுக்கு ஏன்? கறை இருந்தால்தானே கழுவ வேண்டும்?

நியாயமான கேள்வி. ஜெயகாந்தனை வக்காலத்து வாங்கி அதைத் தட்டிக் கழிக்க மாட்டேன். தீட்டு, சுத்தம் என்ற பழைய கணக்குக்குள் நின்றுதான் அந்தத் தாய் பேசுகிறாள். ஆயினும் தன்னைத் தீட்டு என்று நம்பி நடுங்கும் குழந்தைக்கு, அந்த ராத்திரியில், அவளுக்குப் புரியும் பாஷையில் விடுதலை சொல்ல வேண்டியிருந்தது. தாயிடம் வேறு பாஷை இல்லை. தன்னை ஒடுக்கிய சாத்திரத்தின் தண்ணீரையே எடுத்து அந்தச் சாத்திரத்தின் தீர்ப்பை அவள் அழித்தாள். காரில் போனவனை விசாரிக்க அவளிடம் அதிகாரம் இல்லை. அந்த வேலை நமக்கு மிச்சமிருக்கிறது.

இரண்டு நூல்களும் எளிதில் கிடைப்பவைதாம். சிறுகதையை முதலில் படியுங்கள். நாவலை அன்றே எடுக்காமல் ஒரு நாள் விட்டுப் படியுங்கள்.