மாதாவுக்குப் பின்னால் எந்த மலை?

ஏற்காட்டில் ஒரு சிற்றாலயத்துக்கு மாதாவும் குழந்தையுமாக ஒரு படம் வரையச் சொன்னால், ஓவியர் பின்னணியில் எதை வைக்கலாம்? சேர்வராயன் மலையைத்தான் என்பேன். இத்தாலிய மறுமலர்ச்சி ஓவியர்கள் காட்டிய வழியும் அதுதான். வெனிஸ் நகரத்து ஜொவான்னி பெல்லினி 1500-ஆம் ஆண்டை ஒட்டி வரைந்த 'புல்வெளி மாதா' இப்போது லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. நீலப் போர்வையும் வெள்ளை முக்காடுமாக மாதா தரையிலேயே உட்கார்ந்து கைகூப்பியிருக்கிறாள். மடியில் குழந்தை அயர்ந்து தூங்குகிறது. பிற்காலத்துச் சிலுவைச் சாவுக்கு அந்தத் தூக்கமே முன்னறிகுறி என்பார்கள். அவளுக்குப் பின்னால் நாசரேத்தைத் தேடினால் கிடைக்காது. உழுதுபோட்ட வயல், மாடுகள், குன்றின்மேல் கோட்டை எல்லாமே பெல்லினிக்குப் பழகிய வட இத்தாலி. ஒரு வெள்ளைப் பறவை பாம்போடு மல்லுக்கு நிற்பதைக்கூட மனிதர் விட்டுவைக்கவில்லை.

மரியாள் யூதப் பெண்ணாயிற்றே, காப்பித் தோட்டத்தில் உட்கார வைப்பது வரலாற்றுப் பிழையல்லவா என்று கேட்கலாம். பிழைதான். அந்தப் பிழையை ஐந்நூறு ஆண்டுகளாக இத்தாலிக்கு மன்னித்துவிட்டு நமக்கு மட்டும் மறுப்பது என்ன நியாயம்? பக்தி குறைந்துவிடும் என்று அஞ்சுகிறவர்களும் உண்டு. கோவாவில் பிறந்த ஆஞ்செலோ டா ஃபொன்சேகா (1902–1967) மரியாளைச் சேலையில் வரைந்தபோது சொந்த ஊரிலேயே எதிர்ப்பு கிளம்பியது. வேளாங்கண்ணியிலும் மாதா சேலையில்தான் நிற்கிறாள். அதனால் அங்கே கூட்டம் குறைந்ததாக யாரும் சொல்லவில்லை.

ஆனால் சேலையோடு நிறுத்திக்கொண்டால் பாதி வேலைதான் முடியும். பெல்லினியின் படத்துக்குள் மண்ணும் உழைப்பும் வந்துவிட்டன. இங்கே என்றால் சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடி, நிழலில் காப்பிச் செடி, குனிந்து பழம் பறிக்கும் பெண்கள் வரவேண்டும். இவையும் வெளியிலிருந்து வந்தவைதானே என்பீர்கள். உண்மை. காப்பியை 1820-களில் இந்த மலைக்குக் கொண்டுவந்தவர் சேலம் கலெக்டர் காக்பர்ன். சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். இன்று அவை இரண்டும் இல்லாமல் ஏற்காட்டை நினைத்துப் பார்க்க முடியுமா? வந்த செடிக்கு மலை இடம் கொடுத்தது. வந்த படத்துக்கும் கொடுக்கும்.

ஆலயப் படத்துக்குப் பணம் தருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அச்சடித்த படமொன்றை நீட்டி 'அப்படியே வரைந்து கொடுங்கள்' என்று கேட்காதீர்கள். மார்கழி, தையில் பழம் பறிக்கும்போது ஓவியரை ஒருநாள் தோட்டத்துக்கு அழைத்துப் போங்கள்.