ஆட்கொணர்வு



சிலப்பதிகாரத்து வழக்குரை காதையைப் பாடஞ்சொல்லுவோர் கண்ணகியின் சினத்தைப் பேசும் அளவுக்கு அவள் கையிலிருந்த சான்றைப் பேசுவதில்லை. அரண்மனைப் பொற்கொல்லன் ஒருவன் சொல்லை நம்பி, விசாரணையின்றி, காவலர் கையால் அவள் கணவன் கொல்லப்பட்டான். ஆயினும் அவ்வழக்கில் அவளுக்கு வாய்த்தவை எண்ணிப் பார்க்கத்தக்கன. வெட்டுண்ட உடலை அவள் கண்டாள். இணைச்சிலம்பு கையில் இருந்தது. வாயிற்காவலன் உள்ளே விட்டான். கேட்பதற்கு மன்னன் இருந்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, கோவலனைத் தன் ஆட்கள் கொன்றதைப் பாண்டியன் மறுக்கவில்லை. கள்வனைக் கொல்லுதல் அரச முறையே என்று வாதிட்டானேயன்றி, அப்படி ஒருவனை யாம் அறியோம் என்று சொன்னானில்லை.

இளங்கோவடிகளின் சேர நாட்டிலே 1976இல் ஒரு தந்தை கேட்ட விடை அதுதான்: அப்படி ஒருவனை அறியோம்.

அத்தந்தையின் பெயர் ஈச்சர வாரியர். கோழிக்கோட்டில் இந்திப் பேராசிரியராக இருந்தவர். அவர் மகன் இராஜன், கோழிக்கோடு மண்டலப் பொறியியற் கல்லூரியில் இறுதியாண்டு மாணவன். நெருக்கடிநிலைக் காலம். சற்று முன்னர்க் காயண்ணா காவல் நிலையம் நக்சலைட்டுகளால் தாக்கப்பட்டிருந்தது. மார்ச் 1ஆம் நாள் விடியற்காலையில் இராஜனும் மற்றொரு மாணவனும் கல்லூரி விடுதியிலிருந்து கொண்டு செல்லப்பட்டனர். கக்கயம் என்னும் மலைப்பகுதியில் குற்றப்பிரிவுக் காவல்துறை ஒரு முகாம் அமைத்திருந்தது. அங்கே பிடிபட்டவர்களைப் பலகையில் கிடத்திக் கட்டி, தொடைமேல் கனத்த உலக்கையை வைத்து அழுத்தி உருட்டினார்கள். இதற்கு ‘உருட்டல்’ என்றே பெயர் வழங்கியது. நெல் குத்தும் உலக்கைக்கு இப்படியும் ஒரு வேலை இருந்ததை அக்காலத்து மலையாள வீடுகள் அறிந்திருக்கவில்லை.

கல்லூரி முதல்வர் எழுதிய கடிதத்தால் தந்தைக்குச் செய்தி தெரிந்தது. அன்று தொடங்கி ஓராண்டுக்கு மேலாக வாரியர் செய்தது நடப்பதும் எழுதுவதுமே. உள்துறை அமைச்சர் கே. கருணாகரனைக் கண்டார், முதலமைச்சர் அச்சுத மேனனைக் கண்டார். மாநில உள்துறைச் செயலாளருக்கும் நடுவண் அரசுக்கும் விண்ணப்பங்கள் விடுத்தார். மறுமொழி இல்லை. நீதிமன்றத்துக்குப் போக வழியும் இல்லை. நெருக்கடிநிலையில் ஆட்கொணர்வு மனு நிற்காது என்று உச்ச நீதிமன்றம் 1976 ஏப்ரல் 28 அன்று ‘ஏ.டி.எம். ஜபல்பூர்’ வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. ஐவரில் எச். ஆர். கன்னா ஒருவர் மட்டுமே மாறுபட்டார். அத்தீர்ப்பு 2017இல் உச்ச நீதிமன்றத்தாலேயே கைவிடப்பட்டது. நாற்பத்தோராண்டுக் காலம் எந்தத் தந்தைக்கும் காத்திருக்கக் கூடிய காலம் அன்று.

1977 மார்ச் 21 அன்று நெருக்கடிநிலை நீங்கியது. சில நாட்களில் கேரள உயர்நீதிமன்றத்தில் வாரியரின் மனு பதிவாயிற்று. ‘ஆட்கொணர்வு’ என்ற சொல்லை மொழிபெயர்ப்புச் சொல் என்று ஒதுக்குவோர் உண்டு. ஆளைக் கொண்டுவந்து நிறுத்து என்று அரசை நோக்கி ஏவும் வினை அதனுள்ளே இருக்கிறது. இராஜன் வழக்கில் அந்த வினை நேராகவே பொருள்பட்டது. காவல்துறையும் அரசும் அவன் கைது செய்யப்படவே இல்லை என்று உறுதிமொழி அளித்தன. நீதியரசர்கள் சுப்பிரமணியன் போற்றியும் காலித்தும் அத்தாள்களோடு நிற்கவில்லை. சாட்சிகளை அழைத்து விசாரித்தார்கள். விடுதியில் கண்டவர், கல்லூரி முதல்வர், முகாமில் உடன் கிடந்தவர் எனப் பலரும் வந்து சொன்னார்கள். இராஜன் காவலில் இருந்தது உண்மையென்று ஏப்ரல் 13 அன்று தீர்ப்பாயிற்று. அவனை 21ஆம் நாள் கொணர்க என்று ஆணை பிறந்தது. அரசால் கொணர முடியவில்லை. மார்ச் 25 அன்று முதலமைச்சரான கருணாகரன் ஏப்ரல் 25 அன்று பதவி விலகினார். காவலில் இராஜன் இறந்துபட்டான் என்பதைப் பின்னர் அரசே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

இந்த ஒப்புதலுக்காகவே வாரியர் உழைத்தார். அவர் வென்றது இவ்வளவே. குற்ற வழக்கு நம் கோயம்புத்தூர் நீதிமன்றத்தில் நடந்தது. குற்றப்பிரிவுத் தலைவர் ஜெயராம் படிக்கல் முதலியோர் பெற்ற தண்டனை மேல்முறையீட்டில் நீங்கிற்று. பொய்யுறுதிமொழி வழக்கில் கருணாகரன் தண்டனை பெறவில்லை; பின்னும் முதலமைச்சரானார். யானோ அரசன் என்று வீழ்ந்துபடும் மன்னர் காப்பியத்தோடு போயினர்.

கவிஞர்கள் நிறைந்த அவை இது. காவற் சாவு பற்றி எழுதப்படும் கவிதைகளில் குருதியும் தீயும் விலங்கும் தவறாமல் வருகின்றன. இறந்தவன் பெயரும் நாளும் ஊரும் பெரும்பாலும் வருவதில்லை. இழப்பைப் பொதுவாக்கிவிட்டால் பொறுப்பும் பொதுவாகிவிடுகிறது. மறுப்பவனுக்கு வேண்டுவதும் அதுவே. வாரியரின் விண்ணப்பங்களோ எந்த நாள், எந்த வேளை, எந்த இடம், யார் கண்டார் என்று நின்றவை. புறநானூற்றுக் கையறுநிலைப் பாட்டுகளுக்கும் இவ்வகை உறுதி உண்டு. அங்கே இறந்தவனுக்குப் பெயர் உண்டு, தாழி செய்யும் குயவன் உண்டு, நடுகல் உண்டு. உடலும் இடமும் மறைக்கப்பட்ட ஒருவனுக்குக் கையறுநிலை பாடுவது எவ்வாறு? இதற்கு நம் புறத்திணை இலக்கணத்தில் துறை வகுக்கப்படவில்லை.

முதுமையில் வாரியர் மலையாளத்தில் எழுதிய ‘ஒரு அச்சன்டெ ஓர்மக்குறிப்புகள்’ அந்தத் துறைக்கு உரிய நூல். ஒரு தந்தையின் நினைவுக் குறிப்புகள் என்பது அதன் பொருள். கேரள சாகித்திய அகாதெமியின் விருதும் பெற்றது. மகனை வீரனாக்கும் முயற்சி அதில் இல்லை. பாடத் தெரிந்த பிள்ளை, தாய்க்குச் செல்லப்பிள்ளை, அவ்வளவுதான். நூலின் கனமெல்லாம் அந்தத் தாய் இராதாவைப் பற்றிய பக்கங்களில் உள்ளது. மனம் நலிந்த அவரிடம் மகன் இறந்த செய்தியை வாரியர் சொல்லவே இல்லை. நீதிமன்றத்தில் உண்மையைச் சொல்லுக என்று அரசை வற்புறுத்தியவர், வீட்டில் அதே உண்மையை மறைத்து, மகன் வருவான் என்று சொல்லி வந்தார். 2000இல் அவ்வம்மையார் மறையும் வரை இது நீடித்தது. இம்முரணை அவர் மழுப்பாமல் எழுதியிருக்கிறார். துயரைப் பாடும் நூல்கள் பல உண்டு. இந்த நேர்மை அவற்றில் அரிது.

ஷாஜி என். கருணின் ‘பிறவி’ (1989) இந்நிகழ்ச்சியின் சாயலில் வந்த படம். நல்ல படம்தான்; பிரேம்ஜியின் நடிப்பு மறக்க இயலாதது. ஆயின் அங்கே மனத்தில் தங்கும் தந்தை பேருந்து வரும் இடத்தில் காத்திருப்பவர். நூலின் தந்தை காத்திருந்தவர் அல்லர். படியேறியவர், கையொப்பமிட்டவர், சாட்சி தேடியவர். காத்திருப்பு வீட்டினுள்ளே நடந்தது, இராதாவின் கட்டிலருகே.

நூல் மழையிலும், அடைக்கப்படாத ஒரு கதவிலும் முடிகிறது. வாரியர் 2006 ஏப்ரலில் காலமானார். மகனின் உடல் என்னவாயிற்று என்பதை அரசு அவருக்குச் சொல்லவில்லை. இன்றளவும் அது உறுதிப்படவில்லை.